சாவி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த போர்ட்டல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாடிக்கையாளர் அக்கா ஒருவர் போன் செய்தார். “தம்பி, என் பையன் உங்க வெப்சைட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தான். பின் தெரு டீச்சர் வீட்டுச் சாவி பூந்தொட்டிக்குக் கீழ இருக்குன்னு அதுல போட்டிருக்கே, அது எதுக்கு?” என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் கடைக்குக்கூடப் போகாமல் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

நான் மதுரையில் ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் விற்பனை, சர்வீஸ் செய்கிறேன். நானும் இரண்டு டெக்னீஷியன்களும்தான். ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வாடிக்கையாளர்கள் 412 வீடுகள். எந்த வீட்டில் கார்பன் ஃபில்டர் எப்போது மாற்றினோம், மெம்பரேன் எத்தனை வருடம் ஆயிற்று என்பதெல்லாம் பல காலம் ஒரு நீள நோட்டில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு வெப்சைட்டும் வாடிக்கையாளர் போர்ட்டலும் சேர்த்துக் கட்டித்தரும் ஒரு பிளாட்ஃபாரத்தின் விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தார். நல்ல பையன், வாய் ஓயாமல் பேசினார். வருடத்துக்கு ₹18,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ₹21,240. கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் ஒன்றேகால் வருடம் எந்தக் குறையும் இல்லை. படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயார். வாடிக்கையாளர் தன் போன் நம்பரைப் போட்டு ஓ.டி.பி. கொடுத்தால் தன் மெஷினின் சர்வீஸ் கார்டைப் பார்க்கலாம், புகார் பதியலாம், ஏ.எம்.சி. தொகையைக் கட்டலாம். “போன வாட்டி எப்ப வந்தீங்க?” என்று கேட்டு வரும் போன் பாதியாகக் குறைந்தது. நானே மூன்று பேருக்குச் சிபாரிசு செய்தேன். அதில் ஒருவர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. “உங்கள் போர்ட்டலில் 12 புதிய வசதிகள்!” பின்னணி இசையோடு இரண்டு நிமிட வீடியோ. புதிய டிசைன்கள், தானாகப் பதில் சொல்லும் சாட் பெட்டி, வாட்ஸ்அப் நினைவூட்டல், கடைசியில் ‘ஒரே கிளிக் சர்வீஸ் கார்டு’. வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க் போகும், ஓ.டி.பி. தொல்லை இல்லாமல் அவர் கார்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஓ.டி.பி. வரவில்லை என்று வயதானவர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. அதனால் இது நல்லதுதானே என்று நினைத்தேன். ‘இப்போதே மாறுங்கள்’ என்று பச்சை நிறத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பட்டன், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத ‘பிறகு’. பச்சையை அழுத்தினேன். பேங்க் கார்டு சரிபார்ப்பு என்று ஓ.டி.பி. கேட்டது, கொடுத்தேன். இந்த ஓ.டி.பி. கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அக்காவின் பையன் கண்டுபிடித்தது இதுதான். அவர்களுக்குப் போன லிங்க்கின் கடைசியில் 0417 என்று இருந்திருக்கிறது. கல்லூரிப் பையன், சும்மா இருப்பானா? 0418 என்று மாற்றி அடித்திருக்கிறான். அடுத்த வாடிக்கையாளரின் கார்டு முழுதாகத் திறந்துகொண்டது. பெயர், முகவரி, போன் நம்பர், மெஷின் படம், கடைசியில் டெக்னீஷியன் எழுதும் குறிப்பு. 0419, 0420 என்று நோட்டில் பக்கம் புரட்டுகிற மாதிரி எல்லா வீட்டையும் புரட்டலாம். பாஸ்வேர்டும் இல்லை, ஓ.டி.பி.யும் இல்லை.

அந்தக் குறிப்புகளை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பசங்கள் வேலை வசதிக்காக எழுதுவது அது. “சாவி பூந்தொட்டிக்குக் கீழே.” “காலை 9 முதல் 6 வரை வீட்டில் ஆள் இல்லை.” “அம்மா மட்டும் தனியாக இருக்காங்க, பெல் அடித்துக் காத்திருக்கவும்.” “நாய் கட்டித்தான் இருக்கும், பயம் வேண்டாம்.” திருட வருகிறவன் நோட்டம் பார்க்கக்கூட வேண்டியதில்லை. பழைய வடிவத்தில் ‘உள் குறிப்பு’ என்று தனிக் கட்டம் இருந்தது, அது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. புதிய கார்டில் எல்லாக் கட்டங்களும் காட்டு என்பதுதான் இயல்பாகவே வைத்திருக்கும் அமைப்பு. வேண்டாதவற்றை நாம்தான் ஒவ்வொன்றாக மூட வேண்டுமாம். அந்த இரண்டு நிமிட வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாகின் இல்லாத லிங்க் என்றாலே தப்பு என்று சொல்லவில்லை. யாராலும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவையாக இருந்து, சில நாளில் செத்துப்போகும்படி வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும். இவர்கள் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மச்சானிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். வெப் பாதுகாப்பில் ஓவாஸ்ப் என்ற அமைப்பு போடும் ஆபத்துப் பட்டியலில் 2021இல் முதலிடமே இந்த வகைக்குத்தானாம்: யார் எதைப் பார்க்கலாம் என்ற பூட்டு சரியாக விழாமல் இருப்பது. பெரிய இடங்களும் தப்பவில்லை என்றார். அதே 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் என்ற கருவியில் கட்டிய போர்ட்டல்களைப் பயன்படுத்திய 47 நிறுவனங்கள், அரசுத் துறைகளிடமிருந்து 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் வெளியே தெரியும்படி கிடந்ததை அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அட்டவணைகளுக்கான அனுமதிப் பூட்டு தானாக விழாத அமைப்பு, அதைப் போட வேண்டும் என்று பயன்படுத்தியவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த இயல்பு அமைப்பையே மாற்றியது. என் கடை எங்கே, அது எங்கே. ஆனால் நடந்தது ஒன்றுதான்.

சரி, அன்றைக்கு வருகிறேன். ஞாயிறு என்பதால் கம்பெனியில் ஆள் இல்லை. புதிதாக வந்த அந்தச் சாட் பெட்டிதான் இருந்தது. “வாடிக்கையாளர் விவரம் வெளியே தெரிகிறது” என்று எழுதினால் “வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி?” என்று பாடம் எடுக்கிறது. போர்ட்டலை மொத்தமாக அணைத்தேன். அணைத்த பிறகும் லிங்க்குகள் திறந்தன. கார்டுகள் வேறு சர்வரில் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து 412 கார்டிலும் குறிப்புக் கட்டத்தை ஒவ்வொன்றாக அழித்தேன். என் மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நல்ல இங்கிலீஷ். இது கோளாறு இல்லையாம், வசதி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறதாம். ஓ.டி.பி. போட்டுப் பார்க்கும் பழைய முறை வேண்டுமென்றால் அது இப்போது அடுத்த பிளானில் இருக்கிறதாம், மாறிக்கொள்ளலாமாம். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். என் வீட்டுக் கதவிலிருந்த பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அதே பூட்டை எனக்கே விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள்.

மச்சான் சொல்லித்தான் கூகுளில் என் சைட் முகவரியைப் போட்டுத் தேடினேன். சில கார்டுகள் அங்கேயும் ஏறியிருந்தன. சைட் உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுத்தால் சீக்கிரமே மறைந்துவிடும், ஆனால் அது சுமார் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் அந்தப் பக்கமே சர்வரிலிருந்து போயிருக்க வேண்டும். அதற்காகக் கம்பெனிக்கு ஐந்து மெயில் போட்டேன்.

வாடிக்கையாளர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். பூந்தொட்டி டீச்சரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சாவி, ஆள் இல்லாத நேரம் என்று குறிப்பு இருந்த வீடுகளைத் தேடி எடுத்தால் 37 வந்தன. அவர்களுக்கு நானே போன் செய்தேன், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். பெரும்பாலானவர்கள் “பரவால்ல தம்பி, சொன்னீங்களே” என்றார்கள். பதினொரு பேர் ஏ.எம்.சி.யை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் நிறுத்தவில்லை. ஆனால் இருபது நிமிடம் நிற்க வைத்துத் திட்டினார். அது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது அந்த ஓ.டி.பி. விஷயம். வெளியேறலாம் என்று பேங்க் கணக்கைப் பார்த்தால் மாதாமாதம் ₹2,478 போய்க்கொண்டிருக்கிறது. புதிய வடிவத்துக்கு மாறியபோது ‘மாதக் கட்டணம்’ என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டு சரிபார்ப்பு என்று நான் கொடுத்த ஓ.டி.பி. உண்மையில் தானியங்கிக் கட்டணத்துக்கான ஒப்புதல். வருடக் கணக்குப் போட்டால் ₹29,736. முன்பு கட்டியதைவிட ₹8,496 அதிகம். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி ₹15,000க்கு மேல் போகும் இந்த மாதிரி தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். வருடத் தொகையாக ₹21,240 இருந்தபோது என்னைக் கேட்காமல் எடுக்க முடியாது. துண்டு துண்டாக மாதத்துக்கு மாற்றியதும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பதும் விதி. எனக்கும் வந்திருக்கிறது, விளம்பர எஸ்.எம்.எஸ். என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன். பேங்க் ஆப்பில் மேண்டேட் (தானியங்கிக் கட்டண ஒப்புதல்) பகுதிக்குப் போய் ரத்து செய்தேன், அது ஒரு நிமிட வேலை. கம்பெனி பக்கத்தில் ரத்து பட்டனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போட்டேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாமல் செய்வதும், சாஃப்ட்வேர் சேவைக்குத் தெரியாமல் பணம் வசூலித்துக்கொண்டே இருப்பதும் அதில் உண்டு. ஆனால் நான் வியாபாரத்துக்காக வாங்கியவன், சட்டப்படி நுகர்வோரே இல்லை என்று சொல்லிவிடலாம். சுயதொழிலில் பிழைப்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அது பொருள் வாங்கியவரைப் பற்றித்தான் பேசுகிறது, சேவை என்ற சொல் அதில் இல்லை என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். அதனால் பெரிய நம்பிக்கை வைக்காமல்தான் புகார் கொடுத்திருக்கிறேன்.

தரவை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் எக்ஸெல் கோப்பில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் வந்தன. சர்வீஸ் வரலாறு வரவில்லை. அதைவிடப் பெரிய அடி டொமைன். கடை பெயரில் இருக்கும் முகவரி என்னுடையது என்று நினைத்திருந்தேன். ‘இலவச டொமைன்’ என்று கொடுத்ததை அவர்கள் பெயரில் பதிந்திருக்கிறார்கள். வேறு இடத்துக்கு மாற்றும் ரகசியக் குறியீட்டைப் பதிவுதாரர்தான் கேட்டு வாங்க முடியும். பதிவுதாரர் நான் இல்லை.

இதே மாதிரி போர்ட்டல் வைத்திருக்கும் டியூஷன் சென்டர், கிளினிக், ஜிம், ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். லாகின் செய்யாத வேறொரு போனில் உங்கள் சொந்தப் போர்ட்டலின் லிங்க்கைத் திறந்து, எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள். உங்களுடையதில் மட்டும், அடுத்தவர் சைட்டில் போய் இதைச் செய்தால் வழக்கு உங்கள் மேல் வரும். ‘புதிய வசதி’ மெயில் வந்தால், மாறிய பிறகு எந்தெந்தக் கட்டம் யார் கண்ணுக்குத் தெரியும், பழைய பூட்டு அதே பிளானில் இருக்குமா, கட்டணம் எடுக்கும் முறை மாறுமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டு அழுத்துங்கள். டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் பணத்தில், தனியாகப் பதியுங்கள்.

என் வாடிக்கையாளர்களுக்கு: பழைய வெப்சைட் முகவரி இன்னும் அந்தக் கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. அதில் எங்கள் கடை லோகோவோடு ஏ.எம்.சி. கட்டச் சொல்லி ஏதாவது வந்தால் அது நான் அனுப்பியது இல்லை. கடை நம்பர் மாறவில்லை, போன் செய்யுங்கள். சாவி இருக்கும் இடத்தை இனிமேல் பசங்களிடம் வாயால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் அவர்கள் வாசலில் வந்து நின்ற பிறகு.