நியூயார்க் – வாஷிங்டன் ரயில்: தனி ஆளுக்கு ரீஜனலே போதும்

நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 360 கிலோமீட்டர். விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணிதான், ஆனால் விமான நிலையம் போக, செக்யூரிட்டி வரிசையில் நிற்க, இறங்கி ஊருக்குள் வர என்று அரை நாள் போய்விடும். பஸ் மலிவு, எப்போது போய்ச் சேரும் என்பது நெடுஞ்சாலை நெரிசலைப் பொறுத்தது. அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் நார்த்ஈஸ்ட் ரீஜனல் ரயில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. அதே தடத்தில் ஓடும் வேக ரயில் ஆசெலா அரை மணி நேரம் முன்னதாகப் போகும். அந்த அரை மணிக்குக் கேட்கும் காசு அதிகம். கம்பெனி செலவில் போகிறவர்கள் போகட்டும்.

கட்டணம் விமான டிக்கெட் போலத்தான், இடம் நிரம்ப நிரம்ப ஏறும். வெள்ளி, ஞாயிறு மாலைகளும் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரமும் உச்சம். முன்கூட்டியே எடுத்தால், அதுவும் நடுவாரத்தில் விடிகாலை அல்லது பின்னிரவு வண்டியாக இருந்தால், நன்றாகக் குறையும். மலிவான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

தொல்லை நியூயார்க்கில் ஏறும் நிலையத்தில்தான். 2021 ஜனவரியில் திறந்த மொய்னிஹான் ஹால் எட்டாவது அவென்யூவில், பழைய தபால் அலுவலகக் கட்டடத்துக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கூரை அழகுதான், ஆனால் நடு ஹாலில் உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. டிக்கெட்டைக் காட்டினால் காத்திருப்பு அறைக்குள் விடுவார்கள். டிராக் எண் பலகையில் வருவது புறப்பட பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான். எண் வந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே எஸ்கலேட்டர் முன்னால் குவியும். அந்த டிராக்குக்கே கீழ்த்தளத்திலிருந்தும், தெருவுக்கு அந்தப் பக்கமுள்ள பழைய பென் ஸ்டேஷனிலிருந்தும் இறங்க வழி உண்டு. அங்கே வரிசை குறைவு. ஒற்றைப் பெட்டியோடு வருகிறவருக்கு இது பெரிய வசதி.

ரீஜனலின் கோச் வகுப்பில் சீட் எண் கிடையாது, முதலில் ஏறுகிறவருக்கு ஜன்னல். பாஸ்டனிலிருந்து வரும் வண்டியைவிட நியூயார்க்கிலேயே கிளம்பும் வண்டியில் இடம் சுலபமாகக் கிடைக்கும். பேச்சுத் தொந்தரவு வேண்டாம் என்றால் 'குவைட் கார்' பாருங்கள். அங்கே போனில் பேசினால் பக்கத்து சீட்காரரே முறைப்பார். டிக்கெட் பார்த்ததும் கண்டக்டர் தலைக்கு மேலே ஒரு காகிதச் சீட்டைச் செருகிவிட்டுப் போவார். அது நீங்கள் இறங்கும் ஊருக்கான அடையாளம். இடம் மாறினால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தலா 50 பவுண்டு எடை வரை இரண்டு பெட்டிகள், கூடவே சிறு பையும் இலவசம். ஆனால் மேல் தட்டுக்கு நீங்களேதான் தூக்க வேண்டும். கழிப்பறைக்கோ கஃபே பெட்டிக்கோ போகும்போது சாமான் பெட்டி இருக்கட்டும், பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் உங்களோடு வரட்டும். கஃபேயில் காபி பரவாயில்லை. சைவத்துக்குத் தேர்வு குறைவு, ஏறும் முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. வைஃபை மெயில் பார்க்க மட்டும் உதவும்.

ரயில் பெட்டிகள் பெரும்பாலும் 1970-களில் கட்டிய ஆம்ஃப்ளீட் வகை. ஜன்னல் சிறியது, கால் நீட்ட இடம் தாராளம். தெற்கே போகையில் இடப்பக்கம் உட்காருங்கள். பிலடெல்பியாவின் உயர்ந்த கட்டடங்களும், மேரிலாந்தில் சஸ்குவெஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடமும் அந்தப் பக்கம்தான்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் தடத்தின் வயசு. ஹட்சன் ஆற்றடிச் சுரங்கம் 1910-இல் திறந்தது. 2012 சாண்டி புயலில் உப்புத்தண்ணீர் புகுந்து கெட்டது. பால்டிமோர் சுரங்கம் 1873-இன் கட்டுமானம், அங்கே வண்டி ஊர்ந்துதான் போகும். கடும் வெயிலில் மேலே ஓடும் மின்கம்பிகள் தொய்வதால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே கோடைப் பிற்பகல் வண்டியில் ஏறிவிட்டு, வாஷிங்டனில் அடுத்த மணி நேரத்திலேயே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சில வண்டிகள் வாஷிங்டனோடு நிற்காமல் வர்ஜீனியாவுக்குள் போகும். தூங்கப் போகிறவர்கள் அலாரம் வைக்கவும். வாஷிங்டனின் யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் கீழேயே மெட்ரோவின் சிவப்புத் தடம். டேப் செய்யும் வங்கி அட்டையே போதும். நியூயார்க் சப்வேயில் உள்ளே போகும்போது தட்டினால் முடிந்தது. வாஷிங்டனில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பதால் வெளியேறும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும்.