320 டாலருக்கு ஒட்டுப்போட்ட ஸ்டான்லி: 2ஆம் நம்பர் இழைப்புளி தேடுகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்டான்லி என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பழைய இழைப்புளிகளைச் சேர்க்கிறவர்கள், அதிலும் 2ஆம் நம்பரைத் தேடி அலைகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குப் போனது 320 டாலர். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு இணையக் கணக்குக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறவரைப் பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். அது மட்டும் மாறுவதில்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில். நியூ பிரிட்டன் காரில் கால் மணி நேரம். ஸ்டான்லி இழைப்புளிகளின் ஊர் அது. லெனர்ட் பெய்லி என்பவரின் இழைப்புளிக் காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி வாங்கியது. அதற்குப் பிறகு வந்த வரிசையில் மிகச் சின்னது 1ஆம் நம்பர், ஐந்தரை அங்குலம். 8ஆம் நம்பர் இரண்டடி நீளம். ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே சுவரில் வரிசையாக மாட்டிவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் ஆசை.

மூன்றிலிருந்து எட்டு வரை சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. தச்சர்கள் தினசரி பிடித்து வேலை செய்தவை, லட்சக்கணக்கில் விற்றவை. என்னுடைய 5ஆம் நம்பர் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் 10 டாலருக்கு வந்தது, ஒரு டப்பா துருப்பிடித்த ஆணியோடு சேர்த்து. சிக்கல் 1, 2 இரண்டிலும்தான். பெரியவர்கள் கையால் சரியாகப் பிடிக்க முடியாத அளவு சின்னவை, அதனால் அந்தக் காலத்திலேயே குறைவாகத்தான் விற்றன. 1ஆம் நம்பர் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். 2ஆம் நம்பர் ஏழு அங்குலம், சில நூறு டாலர்.

கராஜ் சுவரில் ஆறு மாட்டியாகிவிட்டது. (முதலில் ஓக் பலகையில் மாட்டினேன். ஓக்கில் உள்ள அமிலத்துக்கும் இந்த ஊர் ஜூலை மாதப் புழுக்கத்துக்கும் இரும்பு படும் இடமெல்லாம் கறுத்துவிட்டது. இப்போது மேப்பிள் பலகை, இரும்பின்மேல் மெழுகு.) இடது ஓரத்தில் 1க்கும் 2க்கும் பென்சிலால் உருவம் வரைந்து இடம் விட்டுவைத்திருந்தேன். தினமும் காரை நிறுத்தும்போது அந்த வெறும் கோடுகள் கண்ணில் படும். என்னைக் கெடுத்தது அந்தப் பென்சில் கோடுதான்.

மார்ச் மாதம் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்டான்லி 2ஆம் நம்பர், மூன்று காப்புரிமைத் தேதிகள் உள்ளது, தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது, "கொஞ்சம் துடைத்தது", 340 டாலர். எட்டுப் படங்கள். மூன்று தேதி என்றாலே இந்த வட்டாரத்தில் ஒரு மயக்கம் உண்டு. அடிப்பாகத்தில் 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்று தேதியும் வார்ப்பிலேயே இருந்தால், அது ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் வந்தது. முன்குமிழ் தாழ்வாக உருண்டு இருக்கும், கைப்பிடி பிரேசில் ரோஸ்வுட், அதாவது நம்ம ஊர் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. வார்ப்பு வேலை அவ்வளவு சுத்தம்.

படத்தில் தேதிகள் தெளிவாகத் தெரிந்தன. அது பொய் இல்லை. அடிப்பாகம் உண்மையிலேயே அந்தக் காலத்ததுதான், அதனால்தான் விழுந்தேன். பிளேடில் இதய வடிவத்துக்குள் எஸ்.டபிள்யூ. என்று இருந்ததையும் பார்த்தேன். இந்த இழைப்புளிகளைச் செய்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி, ஸ்டான்லி ஒர்க்ஸ் என்கிற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது 1920இல். அந்த எழுத்துகள் ஸ்டான்லி ஒர்க்ஸைக் குறிப்பவை. 1918க்கு முன்னால் செய்த இழைப்புளியில் அவை வர வழியே இல்லை. இது எனக்குத் தெரியாததில்லை. "பிளேடு தேய்ந்திருக்கும், யாராவது மாற்றியிருப்பார்கள்" என்று விற்றவருக்காக நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். அவர் கேட்கக்கூட இல்லை.

நண்பர்களுக்கு அனுப்புவதுபோலப் பணம் அனுப்பினால் 20 டாலர் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார், கமிஷன் மிச்சமாம். அனுப்பினேன்.

நாலு நாளில் பெட்டி வந்தது. பஞ்சும் காகிதமும் சுற்றி, குழந்தையைப் போலப் பொதிந்து அனுப்பியிருந்தார். பிரித்து மேசையில் வைத்ததும் என் மனைவி, "நூறு வருஷத்துச் சாமான்னு சொன்னீங்க, கறுப்பு பெயின்ட் இப்படி மினுங்குதே?" என்றாள். பரணில் இருந்ததால் அப்படி என்றேன். கராஜுக்குக் கொண்டுபோய்ப் பென்சில் கோட்டின்மேல் மாட்டிவிட்டு, தள்ளி நின்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீவல்கூடச் சீவிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். நியூ பிரிட்டனில் பேரிங் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நாற்பது வருடமாகக் கருவி சேர்க்கிறவர். சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், 2இல் நின்றார். எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்து, பிளேடையும் அதற்குமேல் இருந்த மூடியையும் கழற்றி, அடிப்பாகத்தை இரண்டு விரலில் தொங்கவிட்டுச் சுண்டினார். பிறகு என் 3ஆம் நம்பரையும் அதேபோலக் கழற்றிச் சுண்டினார். 3 "ணங்" என்றது. 2 "டொக்" என்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் என் 320 டாலர் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டை ஃப்ராக் என்பார்கள், தவளையேதான். அதைக் கழற்றினால் கீழே அது உட்காரும் இடம் தெரியும். தொழிற்சாலையில் முதலில் வார்ப்பு முழுக்க ஜப்பானிங் என்கிற கறுப்பு அரக்குப் பூச்சைப் பூசிச் சுடுவார்கள். பிறகுதான் ஃப்ராக் உட்காரும் இடத்தைக் கடைந்து மட்டமாக்குவார்கள். அதனால் அந்த இடம் எப்போதும் பச்சை இரும்பாக, கடைசல் கோடுகளோடு இருக்க வேண்டும். என்னுடையதில் அங்கேயும் கறுப்பு. திருகு போகும் துளையின் மரைக்குள்ளேயும் கறுப்பு. கடையில் விற்கும் ஸ்பிரே பெயின்டைத் தூக்கிப் பிடித்து அடித்திருக்கிறார் விற்றவர்.

பெயின்டை ஏன் அடித்தார் என்பது அடுத்து தெரிந்தது. பெயின்ட் ரிமூவர் போட்டு ஒரு பக்கச் சுவரைத் துடைத்தோம். பிளேடு வாய்க்குப் பக்கத்திலிருந்து மேல்விளிம்பு வரை, நூல் கனத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, விரிசல்தான் விடும். அப்படி விட்ட விரிசலைப் பித்தளை வைத்துப் பற்றவைத்து, வெளிப்பக்கத்தை பெல்ட் சாண்டரில் தேய்த்து, உள்பக்கத்தைப் பெயின்டால் மூடியிருக்கிறார். சுண்டியபோது "டொக்" என்றது இந்த விரிசலால்தான். சொன்ன பிறகு பார்த்தால் ஓரங்கள் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருப்பது தெரிகிறது.

முன்குமிழ் சாயம் போட்ட வேறு ஏதோ மரம். அடியில் திருப்பிப் பார்த்தால் வெளுப்பு. கைப்பிடித் திருகு பாதிக்குமேல் சுற்றவில்லை. ஸ்டான்லி அங்கே போட்டது 12-20 என்கிற மரை, சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. கிடைத்த போல்டை முறுக்கித் திணித்ததில் உள்மரை நசுங்கிவிட்டது. மொத்தத்தில் குறைந்தது மூன்று இழைப்புளிகளின் உடம்பைச் சேர்த்த ஒன்று. பிணத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஃபிராங்கன்ஸ்டைன் கதைப் பூதத்தை நினைத்து, இந்த ஊரில் இதற்கு ஃபிராங்கன்பிளேன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள் (பிளேன் என்றால் இழைப்புளி).

ஒட்டுப்போட்டு விற்பது தப்பில்லை, சொல்லிவிட்டு விற்கலாம். விரிசல் தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் கணக்குப்படி 60 டாலர் கொடுக்கலாம், அதுவும் பிளேடுக்காக.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். ஒரு வரியில் பதில்: துடைத்தது என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்தேனே. இரண்டாவது கடிதத்துக்குப் பதில் இல்லை, மூன்றாவது போவதற்குள் கணக்கே இல்லை. விளம்பரம் வந்த தளத்தில் 30 நாள் தாண்டிவிட்டது என்றார்கள். பணம் அனுப்பிய செயலியில், நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். 20 டாலர் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

இப்போதெல்லாம் யாரிடம் வாங்கினாலும் ஃப்ராக்கைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அந்த ஒரு படம் போதும். கூடவே குமிழின் அடிப்பக்கம், இரண்டு பக்கச் சுவர்களும் வெயிலில் வைத்து எடுத்தது. நேர்மையானவர் அரை மணியில் அனுப்பிவிடுகிறார். திருகு இறுகிப்போய்விட்டது, கழற்றத் தெரியாது என்கிறவரிடம் வாங்குவதில்லை. உண்மையிலேயே சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், நல்ல சரக்கு ஒன்றிரண்டு கைநழுவிப் போயிருக்கலாம். போகட்டும். மாசசூசெட்ஸ் பிரிம்ஃபீல்டில் வருடத்துக்கு மூன்று முறை கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனால் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்தே வாங்கலாம். நான் போகும்போது சட்டைப்பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருக்கும். கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த 2ஆம் நம்பரைத் தூக்கிப் போடவில்லை. பித்தளைக் கோடு வெளியே தெரிகிற மாதிரி, ஃப்ராக் இல்லாமல் அதே இடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் கண்ணில் பட்ட இன்னொரு விளம்பரம். வேறு பெயர், வேறு மாநிலம். ஆனால் படங்களில் அதே மேசை, இடது மூலையில் அதே வட்டமான தீக்காயம். தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்ததாம், கொஞ்சம் துடைத்ததாம். இந்த முறை 1ஆம் நம்பர், 900 டாலர். நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேடுக்குப் பின்னால், பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்துகிற சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. 1ஆம் நம்பருக்கு ஸ்டான்லி அதை ஒருநாளும் வைத்ததில்லை.