வெண்கலப் பிரிவில் ஸ்டாண்டர்டா, ஸ்மூத்தா?

அமெரிக்கக் கல்லூரிகளில் நடக்கும் பால்ரூம் (ஜோடி நடனம்) போட்டிகளில் புதிதாக இறங்குகிறவர்கள் தெரிந்ததையெல்லாம் ஆடிவிட முடியாது. கீழிருந்து மேலாக வெண்கலம், வெள்ளி, தங்கம் என ஒவ்வொரு பிரிவுக்கும் அனுமதித்த ஸ்டெப்புகளின் பட்டியல் உண்டு. பாணிகளும் இரண்டு: இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட், அமெரிக்கன் ஸ்மூத். மூன்று எண்ணிக்கையில் ஆடும் வால்ட்ஸை ஸ்டாண்டர்ட் பட்டியலில் ஆடுவதா, ஸ்மூத் பட்டியலிலா? நானும் என் ஜோடியும் இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டு ஸ்டாண்டர்டில் தங்கிவிட்டோம்.

ஸ்டாண்டர்டில் ஐந்து நடனங்கள். ஸ்மூத்தில் நான்கு, குவிக்ஸ்டெப் என்ற வேகமான நடனம் கிடையாது. ஸ்டாண்டர்டில் ஜோடியைப் பிடித்த பிடியை விடவே கூடாது. ஸ்மூத்தில் கையைத் தூக்கி ஜோடியைச் சுழற்றலாம், ஆரம்பத்திலேயே பார்க்க அழகாக இருக்கும். சரி, அதெல்லாம் தெரிந்த கதை.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்விதான்: இன்று கற்பது மேல் பிரிவுக்கும் கூட வருமா? ஸ்மூத் வெண்கல வால்ட்ஸுக்கு அடிப்படை பாக்ஸ் ஸ்டெப். மூன்றாம் எண்ணில் கால்கள் சேர வேண்டும். வெள்ளிக்குப் போனால் கால்கள் சேராமல் ஒன்றையொன்று கடக்கும் நடை வந்துவிடுகிறது. மாதக்கணக்காகச் சேர்த்தே பழகிய கால் அப்போது லேசில் கேட்பதில்லை. ஸ்டாண்டர்டில் அப்படியில்லை. முதல் மாதம் கற்ற நேச்சுரல் டர்ன், ஸ்பின் டர்ன், விஸ்க் என்ற மூன்று ஸ்டெப்புகளையும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற போட்டி அரங்கமான பிளாக்பூல் எம்ப்ரஸ் பால்ரூமில் சாம்பியன்களும் ஆடுகிறார்கள். அவர்களிடம் வீச்சும் உடல் சாய்வும் வேறு, ஸ்டெப் அதேதான். அதனால் ஒரு ஸ்பின் டர்னுக்குச் செலவழித்த மணிநேரம் வீணாவதே இல்லை.

பட்டியல் பெயர் வாரியாக இருப்பதும் வசதி. ஒருமுறை ஓப்பன் டெலிமார்க் என்ற ஸ்டெப்பை வெண்கலம் என்று நினைத்து ஆடிவிட்டோம். அது வெள்ளி. முதல் சுற்று முடிந்ததும் கண்காணிப்பாளர் வந்து எச்சரித்தார். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் விஸ்க் வைத்தோம். இரண்டுமே ப்ராமனேட் நிலையில் (இருவரும் V வடிவில் ஒரே பக்கம் திறந்து நிற்பது) முடிவதால் அப்புறம் வருகிற சஸ்ஸே என்ற ஸ்டெப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்மூத்தில் நாங்கள் ஆடியது ஒரே பருவம். வெள்ளியில் போட்டியிட்டதில்லை, கால் சேர்க்கும் பழக்கத்தின் சிக்கலைப் பயிற்சியில்தான் பார்த்தோம். கடக்கும் நடையை முன்கூட்டியே சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தால் இது குறையலாம்.

இரண்டு பாணியிலும் உள்ள ஃபாக்ஸ்ட்ராட் என்ற நடனத்தில் மட்டும் என் கட்சி பலவீனம். ஸ்டாண்டர்டின் ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், காலைச் சேர்த்து நிற்க இடமே தராமல் புதியவர்களைத் திணறடிக்கும். ஸ்மூத்தில் மெது, மெது, விரைவு, விரைவு என்ற எண்ணிக்கை ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். அந்த ஒரு நடனத்துக்காகவே சேருகிறவர் ஸ்மூத்துக்குப் போகலாம்.