"உங்க ஊர்லயே, தமிழ்லயே" என்று சொல்லி வாங்கிய 12,744 ரூபாய்: மனநல ஆதரவுக் குழு தேடுறவங்களுக்கு ஓர் எச்சரிக்கை

பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து நாலு ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன். இந்த மூணு வாரத்துல போன்ல பேசின ஒருத்தருக்கும் அது ஒரு தொகையாவே படலை.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும், மனநல ஆதரவுக் குழு தேடிக்கிட்டு இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. யார் யாரைக் கேட்கணும், என்னென்ன கேட்கணும்னு கடைசியில முழுசாப் போடறேன்.

எங்க வீட்டுக் கதை இங்கே வேண்டாம். வீட்டுல ஒருத்தரைப் பார்த்துக்கிறவங்களுக்கான குழு அது. "சிகிச்சையாளர் நடத்தும் குடும்பத்தினர் ஆதரவுக் குழு"ன்னு போட்டிருந்தது. போட்டது, மனநல நிபுணர்களைத் தேடித் தர்றதாச் சொல்ற ஒரு ஆப். பேரைச் சொல்லலை. நாளைக்கே வேற பேர்ல வரும், ரகம் தெரிஞ்சாப் போதும்.

விளம்பரத்துல இருந்தது இவ்வளவுதான்: 12 ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், 8 பேர், தமிழ், நடத்துறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இடம் கொழிஞ்சாம்பாறை. கீழே பச்சை எழுத்துல "உங்களிடமிருந்து 6 கி.மீ."

அந்த ஆறு கிலோமீட்டர்தான் தூண்டில். இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குப் புரியும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க நம்ம மலையாளம் போதும், மனசுல கிடக்கறதைச் சொல்ல அது எட்டாது. அரசு மனநல மையம்னா கேரளாவுல திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு மூணு ஊர்தான். கோயம்புத்தூர்ல குழு இருக்குன்னு போனா பாதி இங்கிலீஷ்ல நடக்குது. ஊர்ல விசாரிக்கலாம்னு "செல்ஃப் ஹெல்ப் குரூப்"னு கேட்டா நேரா குடும்பஸ்ரீக்கு அனுப்பிவைப்பாங்க, அந்தப் பக்கம்னா மகளிர் குழுவுக்கு. கடன் வேணும்னா நல்ல இடம்தான்.

ஆப்ல நம்பரைப் போட்ட பத்தாவது நிமிஷம் போன் வந்துச்சு. "ஏனுங்ணா, நீங்க வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கமுங்களா, அந்தப் பக்கமுங்களா?" இந்த ஒரு கேள்வியிலதான் விழுந்தேன். செக்போஸ்ட் தெரிஞ்ச பையன், நம்ம பேச்சு, "எனக்கு அம்மா வீடு இங்கதானுங்ணா" வேற. "எட்டுப் பேருக்குத்தானுங்ணா இடம், ஏழு ஆயிருச்சு. நாளைக்குக் கேட்டீங்கன்னா அடுத்த பேட்ச்தான்." யுபிஐல கட்டி முடிச்சேன். ஆஸ்பத்திரி சமூகப் பணியில இருந்து, எத்தனையோ குடும்பங்களை இந்த மாதிரிக் குழுக்களுக்கு அனுப்பினவன் நான். கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் மனப்பாடம். ஒண்ணையும் கேட்கலை.

பில்லையாவது படிச்சிருக்கணும். ஒரு அமர்வு 900, பன்னிரண்டுக்கு 10,800. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,944. மொத்தம் 12,744. சிகிச்சைச் சேவைக்குப் பொதுவா ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. இவங்க பில்லுல சேவையோட பேர் "தனிமனித மேம்பாட்டுப் பயிற்சி". விளம்பரத்துல சிகிச்சை, பில்லுல பயிற்சி. வரி அதிகாரிக்குச் சொன்ன உண்மையை நமக்குச் சொல்லலை. அந்தத் துண்டுச்சீட்டு ஒண்ணுலயே மொத்த விஷயமும் இருந்துச்சு, பணம் போன பிறகுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை ராத்திரி மெசேஜ்: "முதல் மூணு அமர்வு ஆன்லைன்." இடம் என்னாச்சுன்னா "ரெனவேஷன் நடக்குதுங்ணா." அப்புறம் நேர்ல போய்ப் பார்த்தேன். ஒரு டியூஷன் சென்டருக்கு மேல இருக்கற ஹால். வாடகைக்கு விடறவர் சொன்னது, "ஒரே ஒரு நாள் எடுத்தாங்க, போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க." சுவத்துல பெயிண்ட் டப்பா ஒண்ணு கூட இல்லை.

முதல் அமர்வுல திரையில 41 பேர். இதை ஏதோ சில்லறைக் குறைன்னு நினைக்காதீங்க. ஆதரவுக் குழுவுக்கு ஆறுல இருந்து பத்துப் பேர் சரியான அளவு. நாலஞ்சு பேரா இருந்தா ரெண்டு பேர் வராத வாரம் குழுவே இல்லை. பத்து பன்னிரண்டைத் தாண்டினா பேசறவங்களே பேசுவாங்க, மத்தவங்க கூட்டத்துக்கு வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 90 நிமிஷத்துல ஆரம்பத்துல பத்து, முடிவுல பத்து போனா மிச்சம் 70. எட்டுப் பேர்னா ஆளுக்கு ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 41 பேர்னா ரெண்டு நிமிஷம் கூடத் தேறாது.

நடத்தினவர் ஸ்லைடைப் படிச்சார். இங்கிலீஷ், நடுநடுவே மலையாளம், கடைசியில ஒரு "வணக்கம்". அதுதான் தமிழ்க் குழு.

முன்னேர்காணல்னு ஒண்ணு நடக்கவே இல்லை. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். குழுவுல சேர்க்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா இருபது முப்பது நிமிஷமாவது பேசணும். யார்கிட்ட வைத்தியம், என்ன மாத்திரை, குடிப் பழக்கம் உண்டா, தன்னை மாய்ச்சுக்கற எண்ணம் இப்ப இருக்கா, முன்னாடி முயற்சி பண்ணியிருக்காரா, எந்த மொழியில பேச வரும், இதெல்லாம் கேட்கணும். நோய் முத்தின நிலையில இருக்கறவரையோ, போதையில வர்றவரையோ நேரா குழுவுல உட்கார வெச்சா அவருக்கும் கெடுதல், மத்தவங்களுக்கும் கெடுதல். பார்த்துக்கிறவங்க குழுவுக்கும் இது வேணும். பார்த்துக்கிறவங்களே உடைஞ்சு போய்த்தான் வருவாங்க.

நம்ம ஊருக்கு இன்னொரு கேள்வி கூடுதல்: "குழுவுல எனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?" கொழிஞ்சாம்பாறைச் சந்தையில ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க யாரு? ஒரே தெருவுல இருந்து ரெண்டு வீட்டார் ஒரே குழுவுல மாட்டினா ரெண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டாங்க. இதுக்காகவே பஸ் ஏறிப் பொள்ளாச்சி போறவங்க இருக்காங்க. ஒழுங்கா நடத்துறவர் இதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பார். அந்தப் பையன்கிட்டக் கேட்டிருந்தா "அதெல்லாம் பார்த்துக்கலாமுங்ணா"ன்னு சொல்லியிருப்பான்.

அடுத்தது பெருசு. இதை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது. ரெண்டாவது அமர்வுல ஒருத்தர் இனி இருக்கப் பிடிக்கலைங்கற அர்த்தத்துல ஏதோ சொன்னார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவரோடது. நடத்தினவர் சொன்னதை எழுதலாம்: "பாசிட்டிவா யோசிங்க, நெக்ஸ்ட்." அவ்வளவுதான். அடுத்த ஸ்லைடு வந்துருச்சு.

ஆன்லைன் குழுவுல எல்லாரோட முழு முகவரியும், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு உறவினர் நம்பரும் முதல் நாளே வாங்கி வெச்சிருக்கணும். நடத்துறவங்க ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் குழுவைப் பார்த்துக்கும்போது இன்னொருத்தர் அந்த நபரைத் தனி அறைக்குக் கூட்டிப் போய்ப் பேசணும், வீட்டுக்குப் போன் பண்ணணும். நேர்ல நடக்கற குழுவுலயும் ஒருத்தர் அழுதுக்கிட்டே எழுந்து போனா பின்னாடி போக ரெண்டாவது ஆள் வேணும். இங்கே ஒரே ஆள், முகவரி இல்லை, உறவினர் நம்பர் இல்லை. எங்கள்ல ஒருத்தர் சாட்ல 14416 நம்பரைப் போட்டார். அது டெலி மானஸ், அரசு நடத்துறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். அந்த ஒன்றரை மணி நேரத்துல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான், அதுவும் காசு வாங்காத ஒருத்தர் பண்ணினது.

அன்னிக்கே 41 பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவுல போட்டுட்டாங்க. ஆளுக்கு ஆள் நம்பர் தெரியுது, டிபியில குடும்பப் போட்டோ தெரியுது. திரையில சிவப்புப் புள்ளி, ரெக்கார்டிங் ஓடுது. யார்கிட்டயும் சம்மதம் கேட்கலை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவு, மனநோய் இருக்கறவரோட தகவலை வெளியே சொல்லக் கூடாதுன்னு சொல்லுது. அந்தக் கடமை நிபுணர்களுக்கு. இவர் நிபுணரா?

அந்தச் சந்தேகத்துலதான் ஆர்.சி.ஐ. நம்பரைத் தேடினேன். இந்தியாவுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு தொழில் பண்ண இந்திய மறுவாழ்வு மன்றத்துல, அதாவது ஆர்.சி.ஐ.ல, பதிவு வேணும். 1992 சட்டம். நம்பரை அவங்க இணையதளத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஆப்ல "ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர்"னு போட்டிருந்தது, நம்பரும் நிஜம்தான், பேரும் பொருந்துது. பிரிவைப் பார்த்தா சிறப்புக் கல்வி ஆசிரியர்! ஆர்.சி.ஐ. பதினாறு வகைத் தொழிலர்களைப் பதிவு பண்ணுது. காது கேட்கும் திறனைச் சோதிக்கறவரும் அதுல உண்டு, செயற்கைக் கால் செய்யறவரும் உண்டு. எல்லாமே மதிப்பான தொழில்தான், ஆனா மனநலக் குழு நடத்தற தகுதி அந்த நம்பர்ல வராது. நிஜ நம்பரை வெச்சே ஏமாத்தற வித்தை இது. நம்பர் சரியான்னு பார்க்கறவங்களே குறைவு, பிரிவு என்னன்னு பார்க்கறவங்க யாருமே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

மூணாவது ஞாயிறு லிங்க் திறக்கலை. அன்னிக்கே 12,744-ஐத் திருப்பிக் கேட்டேன்.

"டிக்கெட் ரெய்ஸ் பண்ணியாச்சு சார்." "48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடலை. "ரீஃபண்ட் எல்லாம் சிகிச்சையாளர் முடிவு சார், நாங்க வெறும் பாலம்தான்." சிகிச்சையாளருக்குப் போட்டா, "பேமெண்ட் எல்லாம் ஆப் பார்த்துக்கும், எனக்கு வர்றதே பாதிதான்." அம்மா வீடு இந்தப் பக்கம்னு சொன்ன பையன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். நாலாவது தடவை பேசின மேடம், "ரெண்டு அமர்வு கலந்துக்கிட்டீங்க, மிச்சத்துல 40 சதவீதம் வாலெட்ல போடறோம், வேற குழுவுக்குப் பயன்படுத்திக்கலாம்"னாங்க. குரலை உசத்தினேன், ஒத்துக்கறேன். அதுக்கு அவங்க சொன்னது: "உங்க கோபமும் ஒரு அறிகுறிதான் சார். நீங்க ஒரு தனி அமர்வு புக் பண்ணலாமே." 12,744 ரூபாயைத் திருப்பிக் கேட்கறது நோயாம்! மனநல வியாபாரத்துல மட்டும்தான் வாடிக்கையாளரோட புகாரையே நோயாக்க முடியும். மிக்சி ரிப்பேர்க் கடைக்காரன் இப்படிப் பேசினா ஊரே சிரிக்கும்.

சரி, கேட்க வேண்டியதைப் போடறேன்னு சொன்னேன். எழுத உட்கார்ந்தா ஆத்திரம்தான் வருது, அவசரமா நாலைச் சொல்லிடறேன்.

நடத்துறவர் பேர், ஆர்.சி.ஐ. நம்பர், பிரிவு மூணையும் பணத்துக்கு முன்னாடி வாங்கிப் பாருங்க. மனநல மருத்துவர், மனநலச் சமூகப் பணியாளர் நடத்தினாலும் சரிதான், அவங்களுக்குப் பதிவு வேற இடத்துல, அதைக் கேளுங்க. "லைஃப் கோச்"னு வந்தா போனை வைங்க.

முன்னேர்காணல் இல்லாத குழுவுக்குப் பணம் கட்டாதீங்க. மொத்தமா 12 வாரத்துக்குக் கட்டவே கட்டாதீங்க. ஒரு அமர்வு, ஒரு பணம்.

முதல்ல இலவசமா இருக்கறதைப் பாருங்க. மாவட்ட மனநலத் திட்டம் எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில அந்த கிளினிக் எந்தக் கிழமைன்னு கேட்டுப் போங்க. டாக்டர் வரிசையில நின்னு கேட்டா அவருக்கு நேரம் இருக்காது, சமூகப் பணியாளரைப் பிடிச்சு "குடும்பத்தினர் கூட்டம் நடக்குதா, தமிழ்ல பேசறவங்க வர்றாங்களா"ன்னு கேளுங்க. குடிப் பிரச்சினைன்னா ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், குடும்பத்துக்கு அல்-அனான். அங்கே சிகிச்சையாளர் இருக்க மாட்டார், உறுப்பினர்களே நடத்தறது, கட்டணமும் கிடையாது. அது வேற வகை, குழப்பிக்காதீங்க.

ஏமாந்துட்டீங்கன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 மின்வணிக விதிப்படி புகாரை 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டதா ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். "பாலம்தான்"னு சொல்றவங்களுக்கும் குறைதீர் அதிகாரி இருந்தாகணும், பேரை வெளியே போட்டாகணும். கம்பெனி பெங்களூருல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. நான் பாலக்காட்டுல போடப் போறேன்.

அதுக்கு விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் வேணும், பணம் கட்டறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. இன்னிக்குக் காலையில அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "கொழிஞ்சாம்பாறை" போய் "ஆன்லைன்" ஆயிருச்சு, "8 பேர்"ங்கறது "சிறு குழு" ஆயிருச்சு, "தமிழ்"ங்கற சொல்லே காணோம். விலை மட்டும் அப்படியே 12,744.