ஆர்எக்ஸ் 580: ஃபேக்டரி ஓசி கார்டுகளும் பயாஸ் ஃபிளாஷும், நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு வந்தது 2017 ஏப்ரலில். குறைந்த காசில் பழைய கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்கள் கையில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒன்றுதான், பெட்டிதான் பல. சிப் ஏஎம்டியுடையது, கார்டாக்கி விற்பது சஃபையர் போன்ற கம்பெனிகள். ஏஎம்டி வகுத்த பூஸ்ட் கிளாக் (சிப் எட்டும் உச்ச வேகம்) 1340 மெகாஹெர்ட்ஸ், அதைவிட ஏற்றி விற்பதுதான் ஃபேக்டரி ஓசி. சஃபையர் பல்ஸ் பெட்டியில் 1366 என்று இருக்கும், அதே சஃபையரின் நைட்ரோ பிளஸ் பெட்டியில் 1411. இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற யோசனை: பல்ஸை வாங்கி, கார்டை இயக்கும் உள் மென்பொருளான பயாஸை நைட்ரோ பிளஸிலிருந்து எடுத்து ஏற்றிவிட்டால் (இதுதான் ஃபிளாஷ்) காசு மிச்சம்தானே?

ஏற்றலாம், பெரும்பாலும் ஏறிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1366க்கும் 1411க்கும் வித்தியாசம் 45 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.3 சதவீதம். 60 ஃபிரேம் ஓடுகிற கேமில் முழுதாகக் கிடைத்தாலே இரண்டு ஃபிரேம். அதுவும் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் இரண்டு கார்டிலும் மெமரி ஒன்றேதான்: 256 பிட், 8 ஜிபிபிஎஸ், நொடிக்கு 256 ஜிபி. சிப்பும் அதே 2304 ஷேடர் (கணக்குப் போடும் சிறு அலகு) சிப்தான். இந்த 45 மெகாஹெர்ட்ஸை ஏஎம்டி டிரைவரில் கிளாக்கை மாற்றும் ஸ்லைடரை நகர்த்தியே வாங்கிவிடலாம். கிளாக்குக்காக மட்டும் ஃபிளாஷ் செய்வது, பூட்டுக்குச் சாவி கையில் இருக்கும்போது கதவை உடைப்பது போலத்தான்.

அப்படியானால் விலை வித்தியாசம் எதற்கு? போர்டுக்கு. 8 ஜிபி பல்ஸில் ஒரே ஒரு 8 பின் பவர் கனெக்டர். நைட்ரோ பிளஸில் 8 பின்னும் 6 பின்னும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது 75 வாட், 8 பின் 150, 6 பின் 75. ஆக வரையறைப்படி பல்ஸுக்கு 225 வாட், நைட்ரோவுக்கு 300 வாட் இடம் இருக்கிறது. விஆர்எம் பகுதியும் (சிப்புக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தருவது) ஹீட்சிங்கும் அதற்கேற்ப. பயாஸில் எழுதியிருக்கும் பவர் லிமிட், தான் பிறந்த போர்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. எத்தனை பின் செருகியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெரிய போர்டின் பயாஸைச் சின்ன போர்டில் போட்டால் அது கேட்கிற கரண்டை விஆர்எம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். உடனே எரியாது. ஃபேன் சத்தம் கூடும், விஆர்எம் சூடு ஏறும், நல்ல கோடையில் கேமின் நடுவே திரை கறுத்துப்போகும்.

இங்கே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் வாட் கணக்கில் ஒரு கண் வேண்டும். இந்தத் தலைமுறைக் கார்டுகளில் அது காட்டுவது சிப் இழுக்கும் பவரை மட்டும். மெமரி, விஆர்எம் இழப்பு, ஃபேன் எதுவும் அதில் சேராது. திரையில் 150 வாட் என்று பார்த்து 'இன்னும் நிறைய இடமிருக்கிறதே' என்று லிமிட்டை ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் கார்டு அதைவிடப் பல வாட் கூடுதலாக இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு நுணுக்கம் வோல்டேஜ். போலாரிஸ் (580இன் சிப் தலைமுறை) பயாஸ் எடிட்டரில் ஒரு ஒரிஜினல் பயாஸைத் திறந்தால், கிளாக் படிகளுக்கு எதிரே மில்லிவோல்ட்டுக்குப் பதில் 65282, 65283 என்று தொடங்கி 65288 வரை விநோதமான எண்கள் இருக்கும். எடிட்டர் கோளாறு என்று பலர் நினைப்பதுண்டு. அது வோல்டேஜே இல்லை. 'இந்தப் படிக்கு உன் சிப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அதை நீயே கணக்குப் போட்டுக்கொள்' என்ற குறியீடு. ஒவ்வொரு சிப்பும் தன்னுள் பதிந்த தரத்தை வைத்து வோல்டேஜை முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே பயாஸ் போட்ட இரண்டு கார்டில் ஒன்று குளிர்ச்சியாகவும் மற்றது கொதித்துக்கொண்டும் இருக்கும். இந்த எண்களை அழித்து நேரடியாக 1150 என்று எழுதுவதில் லாபம் கிடையாது. சூட்டைக் குறைக்க வேண்டுமானால் டிரைவரிலேயே மேல்படி வோல்டேஜை 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டாக் கிளாக்கில் பல கார்டுகள் 1050 முதல் 1100க்குள் நிற்கும். அதில் குறையும் சூடும் சத்தமும், ஃபிளாஷில் கிடைக்கும் இரண்டு ஃபிரேமைவிடப் பெரிய லாபம்.

ஃபிளாஷ் செய்து உருப்படியான பலன் கிடைத்த கார்டுகளும் உண்டு. நல்ல உதாரணம் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி. 2020 ஜனவரி 21 அன்று வெளியானது. போட்டியாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060 விலையை இறக்கியதும், வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு ஏஎம்டி புதிய பயாஸ் கொடுத்தது. பூஸ்ட் 1560லிருந்து 1750 மெகாஹெர்ட்ஸ் ஆனது, மெமரி 12லிருந்து 14 ஜிபிபிஎஸ். 192 பிட் பாதையில் இது நொடிக்கு 288லிருந்து 336 ஜிபி. கேம்களில் சுமார் பத்து சதவீதம் கூடியது. பெட்டிக்குள் போய்விட்ட கார்டுகள் பழைய பயாஸோடே கடைக்கு வந்தன, வாங்கியவர்கள் தாங்களே ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லா கார்டின் மெமரியும் 14ஐத் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று எம்எஸ்ஐ வெளிப்படையாகவே சொன்னது. சில கம்பெனிகள் சில மாடலுக்கு கோர் கிளாக்கை மட்டும் ஏற்றி, மெமரியை 12லேயே விட்டன. அதிகாரப்பூர்வ பயாஸே ஆனாலும் உங்கள் மாடலுக்கு உரியதா என்று பார்த்துத்தான் போடவேண்டும்.

580க்கு முந்தைய ஆர்எக்ஸ் 480இல் 580 பயாஸ் போடுவது இன்னொரு ரகம். இரண்டும் ஒரே போலாரிஸ் சிப். 480இல் மெமரி கிளாக் ஒன்று 300 மெகாஹெர்ட்ஸில் இருக்கும், இல்லாவிட்டால் 2000க்குத் தாவும். 580இல் நடுவே 1000 என்ற படி இருப்பதால் வீடியோ பார்க்கும்போதும், இரண்டு மானிட்டர் வைத்திருக்கும்போதும் பவர் குறையும். ஆனால் ஒற்றை 6 பின் உள்ள ரெஃபரன்ஸ் (ஏஎம்டியே வடிவமைத்த) 480இல் இதைச் செய்யாதீர்கள். ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று 2016இல் சர்ச்சையாகி, 16.7.1 டிரைவரில் திருத்தம் வந்தது இந்தக் கார்டுக்குத்தான்.

இனி ஃபிளாஷ் செய்யும் முறை. முதல் வேலை இருக்கும் பயாஸை எடுத்து வைப்பது. ஜிபியு-இசட்டில் பயாஸ் வெர்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்திச் சேமியுங்கள். பிறகு பயாஸை எழுதும் ஏஎம்டி விபிஃபிளாஷ் கருவியில் 'எஸ்' (-s) கட்டளை கொடுத்து இன்னொரு பிரதி. 580இல் ஃபைல் அளவு 262144 பைட் அல்லது 524288 பைட் இருக்கும். வேறு எண் வந்தால் அது அரைகுறைப் பிரதி. அந்த ஃபைலை அதே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துவிட்டு ஃபிளாஷ் செய்யாதீர்கள், பென் டிரைவிலோ போனிலோ ஒன்று இருக்கட்டும்.

அடுத்து, போடப்போகும் பயாஸ் பொருந்துமா என்று பார்ப்பது. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மெமரி அளவு ஒத்துப்போனால் போதாது, மெமரி சிப் யார் தயாரிப்பு என்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல் கார்டில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி டைமிங் (காத்திருப்பு இடைவெளி) அட்டவணை பயாஸில் இருக்கிறது. எடிட்டரில் திறந்தால் அந்த பயாஸ் எந்தெந்த மெமரிக்கானது என்ற பட்டியல் தெரியும். உங்கள் சிப் அதில் இல்லையென்றால் திரையில் கட்டம் கட்டமாகப் பூச்சி பறக்கும், அல்லது கார்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. டிஸ்பிளே போர்ட்டுகளின் அமைப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள கார்டின் பயாஸை ஒரு எச்டிஎம்ஐ கார்டில் போட்டால் ஏதாவது ஒரு போர்ட் செத்துக் கிடக்கும். ஃபேன் கன்ட்ரோலர் வேறாக இருந்தால் ஃபேன் நிற்கும், அல்லது முழு வேகத்தில் அலறும்.

பொருந்துகிறது என்றால் மற்றதெல்லாம் சில நிமிட வேலை. கண்காணிப்பு மென்பொருள்களை மூடுங்கள், யுபிஎஸ் இருந்தால் அதில் இணையுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் விபிஃபிளாஷின் 'ஐ' (-i) கட்டளை கொடுங்கள். கார்டின் எண் பூஜ்யமா ஒன்றா என்று காட்டும். இரண்டு கார்டு உள்ள மெஷினில் தவறான எண்ணைக் கொடுத்து நல்ல கார்டைக் கெடுத்தவர்கள் உண்டு. பிறகு 'பி' (-p) கட்டளையோடு கார்டு எண்ணும் ஃபைல் பெயரும். வேறு கம்பெனி பயாஸ் என்றால் சப்சிஸ்டம் எண் பொருந்தவில்லை என்று மறுக்கும். 'எஃப்' (-f) சேர்த்தால் கட்டாயப்படுத்தலாம், ஆனால் அந்த மறுப்பு வந்தால் ஒரு நிமிடம் நின்று, போடப்போகும் ஃபைலை மறுபடி சரிபார்ப்பது நல்லது. சரிபார்ப்பு முடிந்து ரீஸ்டார்ட் கேட்கும் வரை எதையும் தொடாதீர்கள். அதன்பின் ரீஸ்டார்ட்டோடு விடாமல் ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்துப் போடுங்கள்.

எடிட்டரில் கைவைத்த பயாஸ் என்றால் விண்டோஸில் ஏஎம்டி டிரைவர் பயாஸின் கையொப்பத்தைச் சோதித்து 'கோட் 43' என்று கார்டை நிறுத்திவிடும். அதற்கென்று டிரைவரைத் திருத்தும் பேட்ச்சர் இருக்கிறது, ஒவ்வொரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகும் அதை மறுபடி ஓட்ட வேண்டிவரும். லினக்ஸில் இந்தத் தடை இல்லை. சில மதர்போர்டுகளில் சிஎஸ்எம் (பழைய முறை பூட் வசதி) அணைந்திருந்தால், இப்படிப்பட்ட கார்டு விண்டோஸ் வரும் வரை திரையே காட்டாது. கார்டு செத்துவிட்டது என்று பதறுவதற்கு முன் சிஎஸ்எம்மை ஆன் செய்து பாருங்கள். போலாரிஸுக்கு அடுத்த வேகா தலைமுறையிலிருந்து சிப்பே கையொப்பத்தைச் சோதிப்பதால், அங்கே எடிட்டர் வழி மூடிவிட்டது.

திரை வரவே இல்லையா? இரண்டு பயாஸ் சுவிட்ச் உள்ள கார்டு என்றால் கவலையில்லை. மெஷினை அணைத்து, மேல் விளிம்பில் இருக்கும் சின்ன சுவிட்சை நல்ல பக்கம் தள்ளி பூட் செய்யுங்கள். விண்டோஸ் வந்தபின் ஓடும்போதே கெட்ட பக்கம் தள்ளி, ஒரிஜினலை ஏற்றிவிடலாம். சுவிட்ச் இல்லாத கார்டு என்றால் பிராசஸருடன் வரும் கிராபிக்ஸிலோ வேறொரு கார்டிலோ பூட் செய்து ஃபிளாஷ் செய்யவேண்டும். அப்போதும் மெஷின் எழவில்லையென்றால் பயாஸ் சிப்பின் 1ஆம் காலையும் 8ஆம் காலையும் ட்வீசரால் இணைத்துப் பிடித்தபடி மெஷினை ஆன் செய்வார்கள். புள்ளி வைத்த மூலை 1ஆம் கால், அதற்கு நேர் எதிர்வரிசையில் இருப்பது 8. சிப் படிக்கப்படாததால் கெட்ட பயாஸ் குறுக்கே வராது. மெஷின் எழுந்ததும் ட்வீசரை எடுத்துவிட்டு ஃபிளாஷ். கை நடுங்கி பக்கத்துக் கால் தொட்டால் போச்சு. அதற்குப் பயந்தால், பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் வாங்கிவிடலாம். சிப்பின் எண்ணைப் படித்து வோல்டேஜை உறுதி செய்யுங்கள், புதிய தலைமுறைக் கார்டுகளில் 1.8 வோல்ட் சிப்பும் வருகிறது.

ஆர்எக்ஸ் 580க்கு ஃபிளாஷ் உண்மையில் தேவைப்படுவது எதிர்த்திசையில்தான். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கில்) ஓடிய கார்டை ஒரிஜினலுக்குத் திருப்புவதற்கு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை விட்டு விலகியதும் இந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. பலவற்றில் மைனிங் பயாஸ் அப்படியே இருக்கிறது. கோர் 1100, 1150 மெகாஹெர்ட்ஸில் கட்டப்பட்டிருக்கும், பவர் லிமிட் இறக்கப்பட்டிருக்கும். 1500 மெகாஹெர்ட்ஸுக்கான இறுக்கமான மெமரி டைமிங்கை நகலெடுத்து 1750, 2000 வரிசைகளில் ஒட்டியிருப்பார்கள். மைனிங்கின் ஹாஷ் கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை வந்தால் நஷ்டமில்லை. கேமில் அதே பிழை திக்கலாகவும் பூச்சியாகவும் தெரியும். 'கார்டு போயிற்று' என்று விற்கப்படுகிற பல கார்டுகளுக்கு வியாதி இவ்வளவுதான். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு மெமரி எரர் என்ற வரி இருக்கிறது. ஸ்டாக் பயாஸில் ஒரு மணி நேரம் கேம் ஓடியும் அது பூஜ்யத்தில் நின்றால் மெமரியை நம்பலாம். ஏறிக்கொண்டே போனால் ஃபிளாஷ் உதவாது, சிப்பே பழுது.

வாங்கும்போது இன்னொன்று: திரையில் 580 என்று வருவதை நம்பாதீர்கள். '580 2048எஸ்பி' என்று ஒரு ரகம் 2018இல் சீனச் சந்தைக்கு வந்தது, அது உள்ளே அதைவிடச் சிறிய ஆர்எக்ஸ் 570. ஜிபியு-இசட்டில் ஷேடர் 2304 இருக்கிறதா என்று பாருங்கள். 2048 என்றால் எந்த பயாஸ் போட்டாலும் மீதி 256 வராது. முதல் ரெஃபரன்ஸ் 480 கார்டுகளில் சில 4 ஜிபி என்று விற்கப்பட்டும் 8 ஜிபி சிப்போடு வந்து, ஃபிளாஷில் முழு மெமரியும் திறந்துகொண்ட கதை உண்மைதான். அந்த அதிர்ஷ்டத்தை 580இல் தேடவேண்டாம்.

வருடக்கணக்கில் ஓடிய கார்டுகளில் கிளாக் எண்ணைவிட ஹீட்சிங்குதான் பேசுகிறது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்த நைட்ரோ பிளஸ், புது பேஸ்ட் போட்ட பல்ஸைவிடச் சூடாக ஓடும். சஃபையர் ஃபேன்கள் ஒரே ஸ்க்ரூவில் கழன்று வருவது பெரிய வசதி, பேரிங் தேய்ந்தால் கார்டைப் பிரிக்காமலே மாற்றலாம். பேஸ்ட் மாற்றப் பிரிக்கும்போது விஆர்எம் மீதுள்ள தெர்மல் பேடின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மீது உட்காராது, குறைந்தால் விஆர்எம் அந்தரத்தில் நிற்கும். 2023 நவம்பரிலிருந்து போலாரிஸுக்கும் வேகாவுக்கும் ஏஎம்டி தனி டிரைவர் பிரிவாக ஒதுக்கிவிட்டது. புதிய கேம் வந்த அன்றே அதற்கான டிரைவர் இவற்றுக்குக் கிடைக்காது.