பழைய டிராக்டருக்கு இன்ஜின் வேலை பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் வண்டி 1998 மாடல் மாஸ்ஸி 1035. அப்பா வாங்கியது. போன ஆடியில் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. அஞ்சு கலப்பை போட்டு ஓட்டினாலே இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன்.

"ரிங்கு, லைனர் போட்டா போதும்ணே. நாற்பத்தஞ்சாயிரத்துல முடிச்சிடலாம்" என்றார் மெக்கானிக். லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய், ரிங் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்.

இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகு கணக்கு வளர்ந்தது. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கடைசல், பம்ப் சர்வீஸ், ஹெட் வேலை, கிளட்ச் பிளேட். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டியாக வேண்டும். பிரித்த இன்ஜினைச் சாக்கில் கட்டி வேறு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? சரி என்றேன். மொத்தம் 1,18,000 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு. புகை விடும் அதே வண்டியை ஒரு மாதம் முன்புதான் புரோக்கர் ஒருவர் 1,60,000-க்குக் கேட்டிருந்தார்.

எழுபது மணி நேரம்கூட ஓடியிருக்காது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கினால் மறுபடி அதே புகை. சூடானதும் ஆயில் பிரஷர் முள் கீழே படுத்துக்கொண்டது. "புது ரிங்கு, செட் ஆகணும்ணே" என்றார்.

வேறு ஒருவரிடம் காட்டினேன். ஹெட்டைக் கழற்றி, லைனரின் மேல் ஓரத்தில் விரலை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் தட்டியது. ரிங் போய்வரும் இடம் தேய்ந்து, அது எட்டாத மேல்பகுதி அப்படியே நிற்பதால் வரும் மேடு அது. புது லைனரில் இத்தனை சீக்கிரம் வராது. பழைய லைனரையே லேசாகத் தேய்த்துவிட்டு, புதுசுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி, கிராங்கைப் பிடித்திருக்கும் பேரிங்கைத் திருப்பினால் முதுகில் 030 என்று குத்தியிருந்தது. தேயத் தேய கிராங்கை 10, 20, 30 சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு) என்று கடைந்துகொண்டே போவார்கள், அந்த சைஸுக்கான பேரிங்கைப் போடுவார்கள். இதற்கு 30 தான் கடைசி. இனித் தேய்ந்தால் கிராங்கே புதிதாக வாங்க வேண்டும். பிரித்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பேன்.

கிராங்க் இன்னும் கடையாத ஸ்டாண்டர்டு சைஸிலோ பத்திலோ இருந்தால், 1035 மாதிரி வண்டிக்கு லட்சம் செலவழிப்பதைத் தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பேரிங்கின் முதுகைப் பாருங்கள். அப்புறம் செலவைப் பேசுங்கள். வேலையைக் கோடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று தெரிந்தால் போயிற்று.

கழற்றிய சாமான்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் கேட்கப் போனபோது, "பழைய இரும்புக்குப் போட்டாச்சேண்ணே" என்றார் அந்த முதல் மெக்கானிக்.