கனடா கஞ்சா மிட்டாயா, தொடையில் தடவும் ஜெல்லா? நடுராத்திரி வேர்வைக்கு ஒரு கணக்கு

ராத்திரி இரண்டரை மணி. குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறேன். தண்ணீர் எடுக்க வரவில்லை. நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது என்று குப்பென்று ஏறிய சூட்டுக்கு அந்தக் குளிர் வேண்டும், அவ்வளவுதான். நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுக்காரரின் தலைவிளக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே அசையத் தொடங்கும். அவர் எழும்பும் நேரத்தில் நான் படுக்கப் போவேன். எட்டு மாதம் இப்படியே போனது. எனக்கு வயது 48, மாதவிடாய் நிற்கிற காலம்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "அக்கா, ராத்திரி பாதி கடிச்சா போதும், நல்ல உறக்கம். எனக்க கூட ஜோலி பாக்குற பெண்ணுங்க நிறைய பேரு இதுதான் எடுக்காங்க. கிறிஸ்துமஸுக்கு வரும்போ ரெண்டு பாக்கெட் கொண்டு வரட்டா?"

அவள் சொன்னது கஞ்சா மிட்டாய். பார்க்க நம் ஊர் ஜெல்லி மிட்டாய் மாதிரிதான் இருக்கும். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்தது, மறு வருஷம் தின்பண்ட வடிவமும் வந்தது. போதை தரும் டி.எச்.சி. ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே விதி. அவள் நர்ஸ், கண்டதை எல்லாம் சொல்கிறவள் இல்லை. அதனால் சிரித்துத் தள்ளிவிட மனம் வரவில்லை. மிட்டாயை ஒரு பக்கமும், மாதவிடாய் நிற்கிற காலத்துக்கு மற்றவர்கள் சொன்ன வைத்தியங்களை எல்லாம் இன்னொரு பக்கமும் வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மிட்டாயின் தரப்பு. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நிற்கும் தறுவாயிலும் நின்ற பிறகும் உள்ள 258 பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் இந்தக் காலத்துத் தொந்தரவுகளுக்காகக் கஞ்சா எடுப்பதாகச் சொன்னார்கள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் பதில் சொன்னவர்களில் 86 சதவீதம் பேர் ஏற்கெனவே கஞ்சா எடுத்துக்கொண்டிருந்தவர்கள். கருப்பட்டிக் காப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டு கருப்பட்டிக் காப்பி பிடிக்குமா என்று கேட்ட கதை. இன்னொரு கணக்கு இதைவிட நம்பும்படி இருக்கிறது: 2020-இல் வடக்குக் கலிபோர்னியாவில் முன்னாள் ராணுவப் பெண்கள் 232 பேரிடம் கேட்டதில் 27 சதவீதம் பேர் இதற்காகக் கஞ்சா பயன்படுத்தியிருந்தார்கள். ஹார்மோன் மாதிரியான வழக்கமான சிகிச்சை எடுத்தவர்கள் 19 சதவீதம்தான். ஆக, மருத்துவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே பெண்கள் தாங்களாகப் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நானும் முதலில் ஒரு மருத்துவரிடம் போனேன். ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "எல்லா பொம்பளைக்கும் வர்றதுதானேம்மா" என்று ஒரு வைட்டமின் சீட்டு எழுதித் தந்தார். அப்படி அனுப்பிவிட்டால் ஆள் எங்கே போவாள்?

ஆனால் அந்த 2022 ஆய்வில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த முதல் பதில் உறக்கம், 67 சதவீதம். அடுத்தது மனக்கலக்கம், 46 சதவீதம். சூடு ஏறுவது இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது. என் சித்தி மகளும் "உறக்கம்" என்றுதான் சொன்னாள், "வேர்வை நின்னுது" என்று சொல்லவில்லை. உறங்க வைப்பது வேறு, உறக்கத்தைக் கெடுக்கிற சூட்டைத் தணிப்பது வேறு.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரி என்று வையுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதவிடாய் நிற்கும் காலத்தில் குறையும்போது அங்குள்ள சில நரம்புகள் மிதமிஞ்சி வேலை செய்கின்றன. முன்பெல்லாம் உடம்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வெப்ப மாற்றத்துக்குக்கூட ‘தீப்பிடித்துவிட்டது’ என்று மணி அடிக்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது, அடுத்த நிமிஷம் குளிர்கிறது. நம் ஊர்க் கடல்காற்றின் ஈரத்தில் அந்த வேர்வை சீக்கிரம் காயவும் காயாது. இந்த நரம்புகளைக் கஞ்சா அடக்குகிறது என்று காட்டும் ஒழுங்கான மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது. ஒழுங்கான சோதனை ஏன் முக்கியம் என்றால், இந்தத் தொந்தரவில் மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரைக்கே பலன் தெரியும். ஹார்மோன் ஆய்வுகளில் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடு ஏறுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. எனவே "எனக்குக் கேட்டது" என்று ஒருத்தி சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் சாட்சியும் ஆகாது.

என்னை மிட்டாயிலிருந்து முழுக்கத் திருப்பியது வேறொன்று. தினமும் கஞ்சா எடுத்துப் பழகியவர் நிறுத்தினால் என்ன வரும் என்று மருத்துவப் புத்தகங்களில் ஒரு பட்டியல் உண்டு: உறக்கமின்மை, எரிச்சல், படபடப்பு, மனச்சோர்வு, வேர்வை, குளிர் நடுக்கம், தலைவலி. படித்துவிட்டு என் கணவரிடம் காட்டினேன். "இது நீதானே" என்றார். மிட்டாய் தீர்ந்த வாரம் இத்தனையும் வந்தால், உடம்பின் பழைய தொந்தரவா, மிட்டாயின் கடனா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், "நிறுத்தினால் திரும்ப வருகிறதே, அப்போ மருந்து வேலை செய்தது" என்று நினைத்து அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடுவோம்.

இன்னும் இரண்டு சங்கடம். மிட்டாய் வயிற்றுக்குள் போய் வேலை காட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று மீதிப் பாதியையும் கடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. டி.எச்.சி. நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வைக்கும். எங்கள் தெருவில் ஐம்பதைத் தொட்ட பெண்களில் பலர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள். ராத்திரி கழிப்பறைக்கு எழும்புகிற பெண்ணுக்குத் தலைசுற்றல் என்பது இடுப்பு எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம். கஞ்சாவிலேயே இருக்கும், போதை தராத சி.பி.டி. மட்டும் எடுத்தால்? அது கல்லீரலில் மற்ற மருந்துகள் உடைபடும் வழியை மறிக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி ரத்தக்கசிவு வரலாம்.

சரி, சட்டம். கனடாக் கடை ரசீதை திருவனந்தபுரம் விமான நிலைய சுங்கத்தில் நீட்டினால் ஒன்றும் ஆகாது. இங்கே 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம்தான் பேசும். கஞ்சா ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’, அதற்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2021 டிசம்பரில் மாநிலம் முழுக்கக் ‘கஞ்சா வேட்டை’ நடத்திய அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதை சித்தி மகளுக்கு நினைவுபடுத்தினேன். சிரித்தாள், ஆனால் பாக்கெட் பேச்சை அத்தோடு விட்டாள்.

"அது கோரக்கர் மூலிதானே பிள்ளே, நம்ம சித்தருக்க மருந்து" என்றார் மாமா. உண்மைதான், சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்கு அந்தப் பெயர் உண்டு, ஆயுர்வேதத்தில் விஜயா என்பார்கள். ஆனால் அவர்கள் அதைச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, நோயாளியைப் பார்த்துத் தருகிறார்கள். விஜயா மருந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டோடு வாங்குங்கள், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து அல்ல. இன்னொரு ஏமாற்றமும் நடக்கிறது: வெறும் விதை எண்ணெயைக் கஞ்சா மருந்து என்று நம்புவது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக அனுமதித்தது. அந்த எண்ணெயில் நல்ல கொழுப்பு உண்டு, டி.எச்.சி. பெயருக்குத்தான் இருக்கும். நல்லெண்ணெய் ஊற்றித் தோசை சுடுகிற வீட்டில் அதற்கு எதற்குக் காசு?

இப்போது எதிர்த்தரப்பு: குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து தரும் ஹார்மோன் சிகிச்சை. ஹார்மோன் என்றாலே "மார்பில் கேன்சர் வரும்" என்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பிறந்த வருஷம் 2002. அமெரிக்காவில் பெண்களின் உடல்நலம் பற்றி நடந்த பெரிய சோதனையை அந்த ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்று, ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் வகை என்று இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. அதாவது எட்டு பேர் கூடுதல். அந்த எட்டு பேரையும் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது 46, 47-இல். மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், அறுபது வயதுக்குள் ஆரம்பிப்பவர்களுக்குக் கணக்கு வேறு: நன்மை பெரும்பாலும் கூடுதல். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், அதே சோதனையில் அப்படி எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்று அதிகரிக்கவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த மிகக் கடுமையான ‘கறுப்புக் கட்ட’ எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் முடிவை அறிவித்தது.

பலன் என்று பார்த்தால் இதன் பக்கத்தில் எதுவும் நிற்காது. மாவு மாத்திரையோடு ஒப்பிட்டாலே சூடு ஏறுவது முக்கால்வாசி குறைகிறது. எலும்பையும் காக்கும். மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. இரண்டாவதாக நான் போன மருத்துவர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார், ஏனென்றால் தைராய்டு கூடினாலும் இதே மாதிரி வேர்க்கும். அப்புறம் மேமோகிராம், பிரஷர், சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன். அதற்குப் பிறகுதான் தொடையில் தடவ ஜெல்லும், ராத்திரிக்கு ஒரு புரொஜெஸ்ட்ரோன் மாத்திரையும் தந்தார். கர்ப்பப்பை இருப்பவர்கள் இந்த இரண்டாவதை விடவே கூடாது, விட்டால் கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துப் புற்றில் கொண்டுபோய் விடலாம். ராத்திரி மாத்திரை உறக்கத்தையும் தருகிறது, அது எனக்கு இலவச இணைப்பு. முதல் இரண்டு மாதம் மார்பு கனத்தது, இடையில் கொஞ்சம் ரத்தத் திட்டும் பட்டது. மூன்றாவது வாரத்திலேயே ஃபிரிட்ஜ் கதவு மூடிக்கொண்டது.

தொந்தரவு பெண்ணுறுப்பு வறட்சியும் மூத்திர எரிச்சலும் மட்டும் என்றால் இதெல்லாம் கூட வேண்டாம். உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும், அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இதை வாய்விட்டுக் கேட்கத்தான் நம் பெண்களுக்கு நாக்கு எழும்பாது.

சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, யோகா பற்றி நீட்டி முழக்க எனக்கு மனமில்லை. சோயா மாவு மாத்திரையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகச் சூட்டைக் குறைக்கும் என்று ஒரு தொகுப்பு ஆய்வு உண்டு. ஆனால் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் கஞ்சா, சோயா, மூலிகை, யோகா, மூச்சுப் பயிற்சி எல்லாமே சூட்டுக்கு ‘பரிந்துரைக்கவில்லை’ என்ற ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. யோகாவையும் கஞ்சாவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களே என்று எங்கள் யோகா டீச்சருக்கு வருத்தம். உளுந்தங்களி சாப்பிடுங்கள், நடக்கப் போங்கள், உடம்புக்கு நல்லது. சூட்டுக்கு மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மிச்சம் இருப்பது, ஹார்மோன் தொடவே கூடாதவர்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா மார்பகப் புற்றுக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடித்து, அது திரும்ப வராமலிருக்க டாமாக்சிஃபென் எடுக்கிறார். அந்த மருந்தே சூட்டைக் கிளப்பும். ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் கதையும் இதேதான். கஞ்சாவின் உண்மையான போட்டி இந்த இடத்தில்தான், இங்கேயும் அதற்கு முன்னால் நிற்பவை இருக்கின்றன. ராத்திரிக்குக் காபாபென்டின் என்ற நரம்பு மருந்து: வேர்வையைக் குறைக்கும், உறங்கவும் வைக்கும், ஆரம்பத்தில் கொஞ்சம் கிறக்கம் இருக்கும். பகல் சூட்டுக்கு வென்லாஃபாக்சின், மனச்சோர்வுக்குத் தரும் மருந்து. இதே வகையில் பராக்ஸெட்டின் என்று ஒன்று உண்டு, சூட்டுக்கென்றே அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றது. ஆனால் அது டாமாக்சிஃபென்னின் வேலையைக் கெடுக்கும், அந்த அக்காவுக்கு ஆகாது. மூளையின் அந்த நரம்புகளையே நேராக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை மாதம் 550 டாலர், கல்லீரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

அக்காவுக்கு அவருடைய புற்றுநோய் மருத்துவர் காபாபென்டின் எழுதித் தந்திருக்கிறார். போன வாரம் பார்த்தபோது, "ராத்திரி ஆறு தடவை எழும்புனவ இப்போ ரெண்டு தடவதான் எழும்புதேன், காலையில மட்டும் செத்த நேரம் தலை கிறங்குது" என்றார். அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த செக்கப்பில் கேட்கப் போகிறாராம்.